பதினைந்தாவது கதிரை

பக்கத்துக் கதிரையிலிருந்து சொல்லாமல் எழும்பிப் போன என் குணம் அண்ணைக்கு,

கால்வாய் உறைந்துபோய்க் கிடக்கிறது. எங்கள் மூன்றாம் மாடி வகுப்பு யன்னலால் பார்த்தால், அன்னங்கள் நீந்தாமல் நடந்து திரிகின்றன. நடந்து பழகாத நடை. "எங்களைப் போலத்தான், எல்லாத்தையும் முதல்லயிருந்து பழகுதுகள்" என்று நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்கள். கண்ணாடியில் எல்லோருடைய மூச்சும் படிந்து, உள்ளே உள்ள வெளிச்சமும் வெளியே உள்ள பனியும் ஒன்றாகி, வகுப்பே மெல்ல மிதக்கிற மாதிரி இருக்கிறது. அந்த நேரங்களில் உங்கள் கதிரையைப் பார்ப்பேன். சில நாள் உங்களுடைய சாம்பல் நிற மப்ளர் அதில் தொங்குகிற மாதிரித் தெரியும். கிட்டப் போனால் யாரோ வைத்த கோட்டு.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் இறந்த பிறகு ஐந்து கிழமையாக, வரவுத் தாளில் உங்கள் கையெழுத்தை நான்தான் போட்டேன்.

ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். இதை வாசிக்கப் போகிற மற்றவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். குணரத்தினம் என்கிற நீங்கள் யாழ்ப்பாணத்தில் மினி பஸ் கொண்டக்டர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு, எல்லோரையும் போல, ஜெர்மனியை இரண்டாக்கிய சுவருக்கு அந்தப் பக்கம் விமானத்தால் இறங்கி, ரயிலேறி இந்தப் பக்கம் வந்து, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. 'உள்ளே வா' என்று சொன்ன ஒரே கதவு, நொய்கெல்ன் பகுதியில், வயது வந்தவர்கள் படிக்கிற அந்தக் கல்லூரியின் கதவு. முதலில் ஆரம்ப ஜெர்மன் வகுப்பு, பிறகு நடு வகுப்பு, பிறகு பள்ளிச் சோதனை, அதற்குப் பிறகு தொழிற்பயிற்சி. ஏணியில் ஒரு படி உடைந்தால் மேலே உள்ள படிகள் எல்லாம் வெறும் அலங்காரம்.

நீங்கள் வகுப்பிலேயே மோசமான மாணவன். ஜெர்மனில் மேசை ஆண்பாலா பெண்பாலா என்று கேட்டால், "அதுக்குத் தெரியுமே, எனக்குத் தெரிய?" என்பீர்கள். ஆனால் தலை எண்ணுவதில் உங்களை வெல்ல ஆளில்லை. ஒவ்வொரு நாளும் கதிரைகளின் முதுகைத் தொட்டுத் தொட்டுக் கடைசி வரிசை வரை நடந்துபோய், மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, பஸ்ஸை எடுக்கச் சொல்கிற மாதிரி, "பதினைஞ்சு. றைட்!" என்பீர்கள். எங்கள் ஆசிரியை பிராவ் லேமன் அதன் பிறகுதான் சோக்கட்டியை எடுப்பா. அது தமிழர் பாடம் தொடங்க முன்னம் சொல்லும் பிரார்த்தனை என்று அவ நெடுநாள் நம்பியிருந்தா. திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்த அறிவித்தல் நினைவிருக்கிறதா, அண்ணை? இலைகள் கொட்டத் தொடங்கிய நேரம். வகுப்புக் கதவில் ஒரு தாள். தலைப்பில் பெரிய எழுத்தில் 'மிட்டல்கூர்சுங்'. நீங்கள் விரலை வைத்து வாசித்தீர்கள்.

"மிட்டல் எண்டா நடு. கூர்ஸ் எண்டா வகுப்பு. பிள்ளை, எங்களை நடு வகுப்புக்கு ஏத்திப்போட்டாங்களடி!"

உங்கள் ஜெர்மனைப் பார்த்துச் சிரிக்கிற நானும் தலையாட்டினேன். நம்ப ஆசையாக இருந்தது. அடுத்த நாள் மாஜரின் டப்பாவில் கேசரி கிண்டிக்கொண்டு வந்தீர்கள். பிராவ் லேமன் ஒரு கரண்டி வாயில் வைத்துக்கொண்டு, என்ன கொண்டாட்டம் என்று கேட்டா. நீங்கள் பெருமையாகக் கதவைக் காட்டினீர்கள். அவ கரண்டியை வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றா. பிறகு, சொல்லுக்குப் பதிலாக, பலகையில் ஒரு கத்தரிக்கோல் வரைந்தா.

அந்த இடத்தில் மிட்டல் என்றால் நடு இல்லையாம். நிதி. கூர்சுங் என்றால் வெட்டு. கல்லூரிக்குக் கொடுக்கிற பணத்தை அரசாங்கம் வெட்டுகிறது.

நீங்கள் கத்தரிக்கோலைப் பார்த்தீர்கள், டப்பாவைப் பார்த்தீர்கள். "அப்ப எங்கட கழுத்தை வெட்டினதுக்கு நான் கேசரி கிண்டியிருக்கிறன்" என்றீர்கள். பின்வரிசையிலிருந்து தயாளன் சொன்னான்: "மிச்சத்தையும் கெதியா முடியுங்கோ அண்ணை, இல்லாட்டி அதையும் வெட்டிப்போடுவாங்கள்." கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அந்தத் தண்ணீர் எதனால் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் நல்லபடி பேசத் தெரியாதவள், அண்ணை. உங்களுக்குத் தெரியும். வேலை செய்யாதே என்று எழுதித் தருகிறார்கள். வேலை செய்யாமல் இருக்கிறார்கள் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். சரி, படிக்கிறோம் என்று வந்தால் கத்தரிக்கோல். விடுமுறைக்கு இத்தாலி போகிறவர்களுக்கு நடக்கிற இத்தாலிய வகுப்பை ஒருவரும் தொடவில்லை. அவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். பக்கத்து அறையில் பள்ளியை இடையில் விட்ட ஜெர்மன் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்களே, அந்த வகுப்பும் போய்விட்டது. அகதி என்பதற்காக மட்டும் வெட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. யார் சத்தம் போட மாட்டார்களோ, அவர்களைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

எங்கள் வகுப்புக்கு ஒரு விதி வந்தது. பதினைந்து பேருக்குக் குறைந்தால் நிதி இல்லை, வகுப்பு இல்லை. நாங்கள் சரியாகப் பதினைந்து பேர்.

மார்கழியில் நீங்கள் இருமிக்கொண்டு வந்தீர்கள். கண் சிவந்து, மப்ளருக்குள் முகம் பாதி. "விசரே அண்ணை உங்களுக்கு? போய்ப் படுங்கோ" என்றேன்.

"நான் வராட்டி பதினாலெல்லே, பிள்ளை. பஸ் வெளிக்கிடாது."

அதற்கு மூன்று நாளில் ஆஸ்பத்திரி. நுரையீரல் முழுக்கக் கிருமி பரவியிருந்தது என்றார்கள். அடுத்த கிழமை நீங்கள் இல்லை. உங்கள் காய்ச்சலை நான் ஒருவர் தலையிலும் கட்டவில்லை. குளிர் யாரையும் கேட்டு வருவதில்லை. ஆனால், காய்ச்சலில் படுக்கக்கூட ஒரு மனிதன் பயப்படுகிற மாதிரி ஒரு விதியை எழுதிய கை, பிறகு எதை எழுதியிருக்கும்? பிள்ளைகளுக்கு வாழ்த்து அட்டையா?

உங்களை எரித்துவிட்டு வந்த மறுநாள் வகுப்பு. வரவுத் தாள் கைமாறி என்னிடம் வந்தது. உங்கள் பெயருக்கு நேரே வெள்ளையாக ஒரு கட்டம். என் கை தானாக எழுதியது, நீங்கள் எழுதுகிற மாதிரியே, தமிழில், கடைசி 'ம்' பஸ் புகை மாதிரி இழுபட்டுப் போகும்படி. பிராவ் லேமன் தாளைப் பார்த்தா. மேசையைத் தொட்டு, மிக மெதுவாக, "றைட்" என்றா.

அந்த ஐந்து கிழமையும் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. சுரங்க ரயிலில் கண் சொருகினால் வகுப்பு ஒரு பஸ்ஸாகிவிடும். கரும்பலகைதான் முன் கண்ணாடி. சக்கரம் இல்லாமலே உறைந்த கால்வாய் மேல் வழுக்கிப் போகும். அன்னங்கள் ஒதுங்கி வழிவிடும். நீங்கள் மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, "மிட்டல்கூர்ஸ், மிட்டல்கூர்ஸ்! ஏறுங்கோ, உள்ளுக்குப் போங்கோ, இடம் கிடக்கு!" என்று ஊர் பெயர் கூவுகிற மாதிரிக் கூவுவீர்கள். இறங்குமிடம் எது என்று நான் கேட்க நினைக்கும்போது ஹெர்மன்பிளாட்ஸ் ஸ்டேஷன் வந்துவிடும். கதவு திறக்கும். குளிர் வரும்.

போன செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். மாவட்ட அலுவலகத்திலிருந்து தலை எண்ண வந்தவர். தோளில் பனி, கையில் கோப்பு. பென்சிலால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். பதினான்கு. தாளைப் பார்த்தார். பதினைந்து.

"ஹெர் குணாரட்னம் எங்கே?"

தயாளன் அசையாமல் சொன்னான்: "கழிவறைக்குப் போயிருக்கிறார்."

"நல்லது. காத்திருக்கிறேன்" என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். உங்கள் கதிரையில்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழும்பி நின்றேன். "அவர் இறந்துவிட்டார். கையெழுத்துப் போட்டது நான்" என்றேன். அவ்வளவு பிழையில்லாத ஜெர்மன் என் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை.

"உனக்கென்ன விசரா? எல்லாத்தையும் கெடுத்துப்போட்டாய்" என்று தயாளன் தமிழில் பல்லைக் கடித்தான்.

அந்த மனிதர், கதிரை சுட்ட மாதிரி எழும்பினார். கெட்டவர் இல்லை, அண்ணை. முகம் சிவந்து போனது. வருந்துகிறேன் என்றார். பிறகு, "ஆனால் பதினான்குதான்" என்றார். கோப்பைத் திறந்து பென்சிலை வைத்தார். பிராவ் லேமன் சோக்கட்டியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றா. ஓர் எழுத்து எழுதினால் எங்கள் ஏணி போய்விடும். நான்தான் அதை அவர் கையில் கொடுத்தேன்.

எமினேயை நினைவிருக்கிறதா? நடைபாதை துடைக்கிற துருக்கிப் பெண். நீங்கள் எப்போதும் கதவைக் கொஞ்சம் திறந்தே விடுவீர்கள், "அந்த மனிசியும் கேக்கட்டும்" என்று. அந்த மாடியிலேயே எங்கள் கதவுக்கு முன்னால் உள்ள தரை மட்டும் பளபளவென்றிருக்கும். அவ்வளவு நேரம் அவ அதைத் துடைப்பா. அன்றைக்கும் கதவு திறந்துதான் கிடந்தது. அவ துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தா. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து உடைந்த ஜெர்மனில் கேட்டா:

"கதிரை காலியா?"

தலையாட்டினேன். அவ உட்கார்ந்தா.

"நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்களே" என்றார் அவர். "அப்படியென்றால் தரை?"

"தரை ஓடாது" என்றா எமினே. "பதினாறு வருஷம் நான் இந்த நாட்டில். வகுப்பு ஒரு நாளும் இல்லை. இன்றைக்கு இருக்கிறேன்."

தாளை அவ முன்னால் வைத்தேன். உங்கள் பெயரை ஒற்றைக் கோட்டால் வெட்டினேன். மன்னியுங்கோ அண்ணை. அதற்குக் கீழே அவ தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, நிலத்தில் விதை ஊன்றுகிற மாதிரி எழுதினா. அந்த மனிதர் கடைசி எழுத்து வரை பொறுத்து நின்றார். என் பொய்க் கையெழுத்துகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பதினைந்து என்று குறித்துக்கொண்டு, "கோடை வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு? அவருக்கும் தெரியாது.

ஒருவரும் கை தட்டவில்லை. பாடமும் தொடங்கவில்லை. எல்லோரும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தார்கள். பிராவ் லேமன் என்னைப் பார்த்தா. தயாளனும் பார்த்தான்; "சரி, சொல்லித் துலையன்" என்றான். எழும்பி, கதிரைகளின் முதுகைத் தொட்டுத் தொட்டு நடந்தேன். எமினேயின் முதுகுக்குப் பின்னால் வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. பிறகு மேசையில் இரண்டு தட்டு.

"பதினைஞ்சு. றைட்."

வகுப்பு மெல்ல அசைந்த மாதிரி இருந்தது, அண்ணை. நீங்கள் மிதிபலகையில் நின்றீர்களா?

இனி உங்கள் பெயரில் கையெழுத்துப் போட மாட்டேன். உயிரோடு வந்து உட்காருகிற தலைகளை மட்டும் எண்ணுவேன். அதில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், பஸ் நின்றாலும் பரவாயில்லை என்று நானே வீட்டுக்கு அனுப்புவேன். கோடையில் அந்தக் கத்தரிக்கோல் திரும்பி வந்தால், அது கதவைத் தட்ட முன்னம் பதினைந்து பேரையும் கூட்டிக்கொண்டு நான் அவர்கள் கதவைத் தட்டுவேன். சத்தமாக. என்றைக்காவது நடு வகுப்பு உண்மையாகவே திறந்தால், கேசரி என்னுடையது. ஆனால் அண்ணை, அறிவித்தலைக் கடைசி வரி வரை வாசித்த பிறகுதான் ரவையை அடுப்பில் வைப்பேன்.

உங்களோடு கூடப் பிறக்காமல், பக்கத்துக் கதிரையில் வந்து வாய்த்த தங்கச்சி,
மாலினி