அவள் பெயருக்கு விட்ட இடம்

மேற்குக் கரை, கல்லறை வேலைக்காரர் ஊர்
வெள்ளப் பருவம், இரண்டாம் மாதம், 14

மெம்பிஸ் நகரில் தம்பி வீட்டில் இருக்கும் என் மனைவி ஹெனுத்துக்கு, ஓவியன் நாக்தமின் எழுதுவது. உயிரும் நலமும் பலமும் உனக்குக் குறையாமல் இருக்க ஆமோனை வேண்டுகிறேன். நம் மலைத்தாயிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். இருவரில் ஒருவராவது காது கொடுக்காமலா போவார்கள்?

பதினெட்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்து நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. தூக்கி எறிந்துவிடாதே.

என் கல்லறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. சுவர் ஓவியத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இருமலும் தொப்பையும் இல்லாமல். பக்கத்து நாற்காலிதான் காலி. எதிர்வீட்டு மெரித் வந்து பார்த்துவிட்டு, "ஏன்யா, பொண்டாட்டி இல்லாம அங்க போயி உனக்கு பீர் யாரு ஊத்துவா? நீயே ஊத்திக்குவியா?" என்று சிரிக்கிறாள். உன்னை வரையட்டுமா?

வெயில் தாழ்ந்ததும் நாம் மொட்டைமாடியில் உட்கார்ந்து வெங்காயமும் ரொட்டியும் தின்போமே, நினைவிருக்கிறதா? நான் சுண்ணாம்புக்கல் சில்லில் எழுத்துகளைப் போட்டுக் காட்டுவேன். நீ ஆந்தை வடிவ எழுத்தை எழுதினால் வாத்து வந்து நிற்கும். அந்தச் சில்லுகளை இன்னும் ஒரு கூடையில் வைத்திருக்கிறேன். அந்த வாத்துகளைப் பார்த்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். நம் இருவருக்கும் நடுவே நம் குழந்தையை வரைய ஆசை. உருவம் வரைந்துவிடுவேன். தலைக்கு மேல் பெயர் வேண்டுமே. பெயர் இல்லாவிட்டால் அவள் யாரோ ஒரு குழந்தை. செத்தவர்கள் போகும் மேற்கே போய் என்னவென்று கூப்பிட்டுத் தேடுவேன்? பிரசவத்தில் தாய் வாயில் வருவதுதானே பிள்ளைக்குப் பெயர்; உன் வாயில் என்ன வந்தது என்று எனக்கு நீ சொல்லவே இல்லை. இப்போதாவது சொல், ஹெனுத்.

உன் நாக்தமின்

---

மெம்பிஸ்
வெள்ளப் பருவம், மூன்றாம் மாதம், 20

ஓவியர் நாக்தமினுக்கு, ஹெனுத் சொல்லி எழுதியது. தாஹ் கோயில் வாசலில் உட்கார்ந்து கடிதம் எழுதித் தரும் மனிதர் எழுதுகிறார். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி எழுதுவதால் எங்காவது கறை இருந்தால் அது என் கண்ணீர் என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

நலமாக இருக்கிறேன். முட்டி வலிக்கிறது. தம்பி மனைவி நல்லவள், ஆனால் மீனில் உப்பை அள்ளிக் கொட்டுகிறாள்.

என்னை வரைந்துகொள்ளுங்கள். ஆனால் இடுப்பை ஒடித்து, கொடி மாதிரி ஒருத்தியை நிறுத்திவிட்டு என் பெயரை எழுதாதீர்கள். நான் இப்போது நன்றாகப் பருத்துவிட்டேன். உங்கள் நாற்காலி தாங்குமா பாருங்கள்.

பெயரைச் சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் ராஜா செத்து, உடல் கெடாமலிருக்க எழுபது நாள் உப்பில் கிடந்தார். அவரைப் புதைப்பதற்குள் கல்லறைச் சுவரை வரைந்து முடிக்க வேண்டும் என்று நீங்கள் எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கமே கிடந்தீர்கள். குழந்தை பிறந்ததற்கு ஆள் அனுப்பினேன். ஏழாம் நாள் பால் குடிக்காமல் கிடந்தாள், மறுபடியும் அனுப்பினேன். ஒன்பது நாள்தான் இருந்தாள். ராஜாவுக்கு நாலு அறை, தங்க முகம், சுவர் முழுக்க உங்கள் கைவண்ணம். என் பெண்ணுக்கு ரொட்டி வைக்கிற கூடை. அதில் என் பழைய துணியைச் சுற்றி நானேதான் அடிவாரத்தில் கொண்டு வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து இறங்கி வந்து, "மேஸ்திரி விடலடி, நான் என்ன பண்ணட்டும்?" என்றீர்கள். அதையே இன்னும் சொல்லிக்கொண்டிருங்கள்.

ஹெனுத்

---

மேற்குக் கரை
வெள்ளப் பருவம், நான்காம் மாதம், 19

ஹெனுத்துக்கு நாக்தமின். நலம் விசாரிக்கும் தைரியம் இன்று இல்லை.

சவப்பெட்டியோடு வைக்க எனக்கான சுருளை எழுத உட்கார்ந்தேன். ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். செத்தபின் நாற்பத்திரண்டு தெய்வங்கள் முன்னால் நின்று, திருடவில்லை, கொல்லவில்லை, யாரையும் அழவைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே எழுதிவிடுவேன். 'நான் பொய் சொல்லவில்லை' என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது. மூன்று நாளாக அந்த வரியிலேயே நிற்கிறேன். நான் எழுதிவிடலாம். அங்கே உண்மையை நிறுக்கும் தராசில் வைத்ததும் என் இதயம் வாயைத் திறந்துவிடுமே!

மேஸ்திரி விடவில்லை என்றேன். நான் அவரிடம் கேட்கவே இல்லை, ஹெனுத்.

தண்ணீர்க் கழுதை ஓட்டும் யூபா வந்து, "அண்ணே, புள்ளைக்கு முடியலையாம், அக்கா ஒடனே வரச் சொல்லுச்சு" என்றான். நான் அப்போது ராஜாவின் கண்ணை வரைந்துகொண்டிருந்தேன். அந்தக் கோட்டைப் போட மொத்தக் குழுவிலும் என் ஒருவன் கையைத்தான் நம்பினார்கள். அந்தக் கர்வம் எனக்கு. "இத முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லு" என்றேன். அப்புறம் அடுத்த கண். அப்புறம் புருவம். கேட்டிருந்தால் மேஸ்திரி விட்டிருப்பார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தன.

இதைப் படித்தபின் நீ பெயரைச் சொல்லவே மாட்டாய் என்று தெரியும். என் படத்துக்கு அருகேகூட இருக்கப் பிடிக்காமல் போகலாம். என்றாலும் இதை மறைத்துவைத்துக்கொண்டு அவள் பெயரை வாங்க எனக்கு யோக்கியதை இல்லை.

நாக்தமின்

---

மெம்பிஸ்
விதைப் பருவம், இரண்டாம் மாதம், 3

உங்களுக்கு, ஹெனுத்.

இதை நானே எழுதுகிறேன். நாலு நாள் ஆயிற்று. ஆந்தைகள் எல்லாம் வாத்துகள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மூக்குறிஞ்சி மனிதர் முன்னால் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் கேட்கவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். யூபாவுக்குப் பொய் சொல்ல வராது. "அக்கா, அவரு வேலையில இருந்தாரு, திரும்பிக்கூடப் பாக்கல" என்று வாசலில் நின்று அழுதான். நீங்கள் வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் உங்களை அடித்திருப்பேன், அப்புறம் சேர்ந்து அழுதிருப்போம். பொய் சொன்னீர்கள். அதனால்தான் படகு ஏறினேன். நீங்கள் இப்போது எழுதிய அந்த ஒரு வரிக்குத்தான் பதினெட்டு வருஷம் காத்திருந்தேன், பாவி மனுஷா.

நான் அங்கே வர மாட்டேன். அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் தோண்டியாகிவிட்டது. படத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். குண்டாகவே வரையுங்கள். குழந்தையை என் மடியில் வையுங்கள்.

பெயரை நான் கோபத்தில் மறைக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்றும் தெரியும். வலி தாங்காமல் பிரசவச் செங்கல் மேல் குந்தியிருந்தேன். மருத்துவச்சி முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஒம் புருஷன் எங்கடி?" என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில் வாயில் இருக்கும்போதே அவள் பிறந்துவிட்டாள். வாயில் வந்ததுதானே பெயர். ஒன்பது நாளும் அப்படித்தான் கூப்பிட்டேன். கூடையை மூடும்போதும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

ஓர் எழுத்தும் விடாமல் எழுதுங்கள். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், அவள் கேட்கட்டும்.

'அவர் வந்துவிடுவார்.'

ஹெனுத்