அரியாட்னியின் இமைகள்

லூக்கா, 3 மார்ச் 1958

அன்புள்ள ஒர்த்தென்சியா,

பதினொரு நாள் ஆலோசனைக்குப் பிறகு, சாப்பாட்டு அறைப் படத்தைச் சுத்தம் செய்யச் சொல்வதென்று முடிவெடுத்திருக்கிறேன். முடிவைத் தேதியிட்டு, என் நோட்டரி முத்திரையும் வைத்து, அலுவலகப் பெட்டகத்தில் பூட்டியாயிற்று.

காரணம் உனக்குத் தெரியும். அந்தக் கிரேக்கக் கதை ஓவியத்தில், தீவில் அரியாட்னி தூங்குகிறாள். அவளால் உயிர் பிழைத்த தீசியஸ், அவளை விட்டுவிட்டுக் கப்பலேறுகிறான். குற்றம் கிளம்புகிறவர் மேல்தான், தூங்குகிறவர் மேல் அல்ல; அழுக்கு நீங்கினால் அது உனக்கும் தெளிவாகத் தெரியும். நீ முதல் ரயிலுக்குப் பெட்டியோடு இறங்கிப் போனபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா வீட்டுக் கடற்காற்று உனக்கு ஒத்துக்கொள்ளாது. தொண்டையைப் பார்த்துக்கொள்.

உன்,
எர்மேத்தே

வியாரெஜ்ஜோ, 7 மார்ச்

அன்புள்ள எர்மேத்தே,

தொண்டை நன்றாக இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்த அக்கா, "உம் புருஷன் மூக்கு சிந்துறதுக்கும் முத்திரை வெப்பாரு போலிருக்கேடி" என்றாள்.

பன்னிரண்டு வருஷம் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து சூப் குடித்திருக்கிறேன். அரியாட்னியின் கையைப் பாருங்கள். போர்வையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அன்று காலை நீங்களும் அப்படித்தான் பிடித்திருந்தீர்கள். நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று பெட்டியோடு கதவருகே நின்றேன். கை வலிக்கும்வரை நின்றேன்.

படத்தைச் சுத்தம் செய்யுங்கள். அவள் தூங்கினால் நான் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். விழித்திருந்தால் நீங்கள் இங்கே வந்து, "விழித்திருந்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த ரயிலிலேயே உங்களோடு கிளம்பிவிடுவேன். வீட்டுச் சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது.

உங்கள்,
ஒர்த்தென்சியா

லூக்கா, 29 மார்ச்

அன்புள்ள ஒர்த்தென்சியா,

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். படம் சீர்செய்யும் எர்சிலியா, பஞ்சால் இரண்டு முறை ஒற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நோட்டரி ஐயா, இந்தம்மா தூங்கல."

"நல்லாப் பாரும்மா."

"நான் பாக்குறது கெடக்கட்டும். அவ கப்பலைப் பாத்துக்கிட்டிருக்கா. இமை ரெண்டும் பின்னாடி யாரோ பூசினது."

பூசச் சொன்னவர் என் தாத்தா. அவருடைய காகிதங்களில் குறிப்பு இருக்கிறது. எதிரே ஒருத்தி விழித்துக்கொண்டு படுத்திருந்தால், சாப்பாட்டில் ஏதோ குறை என்று விருந்தாளிகள் நினைக்கிறார்களாம்.

இரண்டு நாள் யோசித்தேன். ஒரே சொத்துக்கு இரண்டு உயில் இருந்தால், பின்னால் எழுதியதுதான் செல்லும். கண்கள் முதல் உயில், இமைகள் இரண்டாவது. ஆகவே இமைகளைப் பழையபடி பூசச் சொல்லிவிட்டேன். "எழுத்துல குடுத்துடுங்க ஐயா, நாளைக்கு என் தலையில விடியக் கூடாது" என்றாள் எர்சிலியா. கொடுத்தேன்.

சட்டப்படி அவள் தூங்குகிறாள். உன் மன்னிப்பை எதிர்பார்க்கிறேன். ஈஸ்டருக்கு இருவருக்குப் போதுமான ஆட்டுக்குட்டி இறைச்சிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன்,
எர்மேத்தே

வியாரெஜ்ஜோ, 1 ஏப்ரல்

எர்மேத்தே அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

என் தையல் இயந்திரத்தை எடுத்துப்போக வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வண்டிக்காரர் பார்சோத்தி வருவார். உங்கள் அலுவலக நேரம் கெட வேண்டாம். என் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஒர்த்தென்சியா