யாருடைய இரும்பு?

13.2.1961, திங்கள். கனகராயன்குளம்.

இன்று காலை களத்தில் மாடு விட்டு நெற்சூடு மிதிக்கும்போது எனக்கு வலிப்பு வந்தது. வழக்கத்தை விட நீண்டுவிட்டதாம். கண் விழித்தபோது ஒரு கையில் பாக்குவெட்டி, மறு கையில் பூட்டுத் திறப்புக் கோர்வை. வலிப்புக்கு இரும்பு கொடுப்பது ஊர் வைத்தியம். தலைமாட்டில் இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ர பாக்குவெட்டியைக் குடுத்தாப் பிறகுதான் விட்டது," என்றார் பக்கத்து வயல் கந்தையா அண்ணை.

"அதுக்கு முந்தியே என்ர திறப்பு வேலை செய்யத் தொடங்கிட்டுது," என்றார் வழியால் வந்த சங்கக்கடைச் சின்னத்துரை.

நான் செத்திருந்தால் இரண்டு பேருமே இரும்பைத் தங்களுடையது என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

மனைவி பூமணி இரண்டையும் என் கையிலிருந்து பிடுங்கி அவரவரிடம் கொடுத்துவிட்டு என்னை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டொக்டர் நான் வலிப்புக்கு விழுங்கும் குளிசையின் அளவைக் கூட்டினார். பிறகு அவளிடம், "வலிப்பு நீண்டால் உயிருக்கு ஆபத்து அம்மா. சிலர் நித்திரையிலேயே போயிடுவினம். இவரைத் தனியப் படுக்க விடாதேங்கோ," என்றார். என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் பயந்தாலும் பேசாமல் இருப்பேன்.

பூமணி அப்படியில்லை. இரவு வீடு திரும்பிப் படுத்ததிலிருந்து தட்டித் தட்டி எழுப்புகிறாள்.

"இஞ்சேருங்கோ, இருக்கிறியளோ?"

"ஓம், இருக்கிறன்."

"பின்னை ஏன் சத்தமில்லை?"

"நித்திரையெல்லோ கொண்டனான்."

"குறட்டை விட்டியளெண்டால் எனக்குத் தெரியும்தானே."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் குறட்டையைத் திட்டியவள் அவள்.

எழுந்து வந்து இதை எழுதுகிறேன். அவள் பாயில் கண்ணைத் திறந்தபடி கிடக்கிறாள். விடிந்தால் அவளுக்கும் களத்தில் வேலை. இனி விளக்கை நூர்த்துவிட்டுப் போய்ப் படுத்து, அவள் உறங்கும் வரை நான் விழித்திருந்து குறட்டை விடவேண்டும்.