போதுமா, போதாதா

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்காகச் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறேன் அல்லவா, அதில் ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. ஒரு கேள்வியும் இரண்டு தகவல்களும் தருவார்கள். விடை காண அந்தத் தகவல்கள் போதுமா, போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். நானோ கிடங்கில் நாள் முழுக்கச் சரக்கு எண்ணுகிறவள். எண்ணிக்கை கைக்கு வராமல் விட மனம் வராது. முதல் பரீட்சையில் ஒவ்வொன்றுக்கும் விடையையே போட்டுக்கொண்டிருந்து, பதினொரு கேள்விகளைத் தொடவே இல்லை.

"விடையை யாரும்மா கேட்டா? போதும்னா போதும்னு சொல்லிட்டுப் போயிட்டே இரு," என்றார் வாத்தியார்.

போன சனிக்கிழமை வகுப்பிலேயே நான்தான் முதல். ஒன்றுகூடத் தப்பில்லை. "எப்படிம்மா பிடிச்ச?" என்று கேட்டார்.

"நான் போன்ல 'ம்'னு சொன்னாலே எங்கம்மா ஜுரம்னு கண்டுபிடிச்சிடுவாங்க சார். அந்த ரத்தம்தானே நான்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நீ போர்த்திக்கொள்ளும் பச்சைப் போர்வையை அனுப்பி வை. இங்கும் போர்வை கிடைக்கும்தான், இருந்தாலும் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தகவல் ஒன்று: வேளைக்குச் சாப்பிடுகிறேன். தகவல் இரண்டு: நன்றாகத் தூங்குகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று கண்டுபிடிக்க இவை போதும். போதாது என்பாய், தெரியும். ஞாயிறு காலை போன் செய்கிறேன். குரலையும் சேர்த்துக்கொள்.

உன் மகள்