அஞ்சரை மாதம்

மார்ச் 4
எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிந்தது. வேலையில் இருக்கும் நூறு பேரில் மாதம் இரண்டு பேர் வேலை இழக்கிறார்கள். வேலை தேடும் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்குக் கிடைக்கிறது. இரண்டும் பதினெட்டும் இருபது. இரண்டை இருபதால் வகுத்தால் பத்தில் ஒன்று. இதே வேகம் நீடித்தால் வேலையின்மை நூற்றுக்குப் பத்தில் வந்து நிற்கும்.

வீட்டுக்கு வந்தால் இவர் சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருட வெல்டர்.

"ஆள் குறைச்சுட்டாங்க. இனி உன் கணக்குல நானும் ஒருத்தன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6
சாப்பிடும்போது கேட்டார். "எனக்கு எப்பக் கிடைக்கும்? நீதான் கணக்குப் புலியாச்சே."

"மாசம் நூத்துக்குப் பதினெட்டுன்னா… நூறைப் பதினெட்டால வகுத்தா, சராசரியா அஞ்சரை மாசம்."

"அவ்வளவுதானா? தாங்கிடலாம்." முகம் தெளிந்துவிட்டது.

ஏப்ரல் 29
ஆறு இடம் போனார். ஆறிலும் இல்லை.

ஆகஸ்ட் 21
அஞ்சரை மாதம் நேற்றோடு முடிந்ததாம். நாட்களை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார் - எனக்குத் தெரியாமல். "ஊருக்கெல்லாம் கிடைக்குது. அப்ப எங்கிட்டதான் ஏதோ கோளாறு" என்றார்.

செப்டம்பர் 3
வேலை தேடுபவர்களை, வேலையிழந்து எத்தனை மாதம் ஆனது என்று பிரித்துப் பார்த்தேன். முதல் இரண்டு மாதத்தில் நூற்றுக்கு முப்பது பேருக்குக் கிடைக்கிறது. ஆறு மாதம் தாண்டினால் ஐந்து பேருக்குத்தான். பதினெட்டு என்பது எல்லோரையும் கலந்த எண். இது எனக்குத் தெரியாதா? தினமும் இதைத்தானே பாக்குறேன்! அப்புறம் எந்த வாயால அப்படிச் சொன்னேன்?

செப்டம்பர் 4
சொல்லிவிட்டேன். "கோளாறு உங்ககிட்ட இல்லைங்க. நான் சொன்ன கணக்குலதான்."

"முன்னாடியே சொல்லியிருந்தா என்னையே நான் தின்னிருக்க மாட்டேனே."

அக்டோபர் 7
ஆகஸ்டிலிருந்து இவர் வேலை தேடவே இல்லை. நான்கு வாரம் தேடாவிட்டால் எங்கள் கணக்கில் அவர் வேலையில்லாதவரே அல்ல. இவரைப் போல எத்தனையோ பேர் விட்டுவிட்டதில் வேலையின்மை விகிதம் ஒன்பதாகக் குறைந்துவிட்டது.

"குறைஞ்சிருக்கே, நல்ல சேதி!" என்றார் மேலாளர்.

"வேலை கிடைச்சுக் குறையல சார். தேடுறத விட்டுட்டாங்க. அறிக்கையில அதையும் போடணும்."

"யாரும்மா விட்டது?"

"என் வீட்டுக்காரர்."

மேலாளர் கையிலிருந்த அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஒரு பத்தி எழுதிக் குடுங்க" என்றார்.

அக்டோபர் 19
அறிக்கை வெளியானது. என் பத்தி பதினொன்றாம் பக்கத்தில். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"இதுல நான் இருக்கேனா?"

"இருக்கீங்க."

எழுந்து போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார். "இரும்பு கேட் செய்யற பட்டறைக்காரர் ஒருத்தர் வந்து பாக்கச் சொல்லியிருந்தார். போய்ட்டு வரேன்."

"நானும் வரட்டுமா?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தார்.

"பட்டறை வாசல் வரைக்கும் வா. உள்ள நான் போய்க்கிறேன்."