படம் 24.3ஐப் பார்க்க

13 ஒக்டோபர் 97, திங்கள்

காலையில் வெயில், பத்து மணிக்குக் காற்று, பதினொன்றுக்கு மழை. உடுப்பு இரண்டு தரம் கொடியில் போட்டு இரண்டு தரம் எடுத்தாயிற்று.

நாளை மனித உயிரியல் சோதனை. சிறுநீரகம். 24ஆம் அத்தியாயம், முப்பத்தொரு பக்கம். கொடியைச் சுற்றி நடந்து நடந்து, முணுமுணுத்து, முழுவதும் மனப்பாடம், காற்புள்ளி உட்பட. பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு நாளும் இவ்வளவு நேரம் பிரார்த்தனை செய்கிறாயே, நல்லது என்றார். நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

நிலவரம்:
ஆங்கிலம் 81 (கட்டுரை மூன்றும் முன்பே பாடமாக்கியது)
இரசாயனம் 91
ம. உயிரியல் ?

மூன்றிலும் குறைந்தது எண்பது வந்தால்தான் நேர்சிங் படிக்க விண்ணப்பம் போடலாம். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் முதலிலிருந்து. எனக்கு முப்பத்தெட்டு முடிகிறது. முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது ஆறாவது வருடம். கட்டிலில் இருப்பவர் நோகுது என்று அழுதாலும் நான் மணியை அடித்து நேர்ஸைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். எனக்கு அது காணும், இனிப் போதும்.

14, செவ்வாய்

எழுதியாயிற்று. சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் விதத்தை விளக்குக. கேள்வியைக் கண்டதும் பக்கம் அப்படியே கண்ணுக்குள் திறந்தது. ஒன்பது தாள். விரல் வீங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பெட்டை அரை மணித்தியாலம் பேனையைச் சப்பிவிட்டு ஒரு தாள் எழுதினாள். பாவம்.

வரும் வழியில் இடியப்பம் வாங்கினேன். சமைக்க மனமில்லை. இவர் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போதே, “என்னப்பா, பேப்பரை நீரே திருத்திப்போட்டு வந்தமாதிரி நிக்கிறீர்?” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

20, திங்கள்

எல்லாருக்கும் தாள் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. வகுப்பு முடிய நில் என்றார் மார்கிரட். எங்கள் உயிரியல் ஆசிரியை. எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கு வாயில் ‘மிஸ்’தான் வரும்.

அறையில் மேசையில் என் தாளும் புத்தகமும் பக்கம் பக்கமாக. வரிக்கு வரி ஒன்று. மார்கிரட் விரலை வைத்துக் காட்டினார். “முந்திய அத்தியாயத்தில் பார்த்தபடி” என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே “படம் 24.3ஐப் பார்க்க.” சோதனைத் தாளில்.

புத்தகத்தை மடியில் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டார். உடம்பு முழுக்க எரிந்தது. களவெடுத்தாயா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. எந்தப் பக்கம் வேண்டுமென்றாலும் திறவுங்கள் மிஸ் என்றேன். திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கம் சொன்னேன். மூன்றாவது தொடங்க, போதும் போதும் என்று கண்ணாடியைக் கழற்றினார்.

நம்பிவிட்டார். ஆனால் மார்க் போட முடியாதாம். புத்தகத்துக்கு எப்படி மார்க் போடுவது என்கிறார். பத்து நாள் தருகிறேன், வந்து வாயால் சொல். என்னை ஒரு நோயாளி என்று வைத்துக்கொள், எனக்கு விளங்கும்படி உன் சொல்லில் சொல். அதற்கு எத்தனையோ அதுதான் உன் மார்க்.

30ஆம் திகதி, வியாழன், 2 மணி.

21, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். முதலில் முகத்தைக் கவலையாகத்தான் வைத்திருந்தார். 24.3 வந்ததும் சரி. குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“படத்தைப் பாக்கட்டாம்! சோதினைப் பேப்பரிலை! எந்தப் படத்தையப்பா அந்த மனுசி பாக்கிறது?”

தேத்தண்ணி கொடுக்கவில்லை. பிறகு அவரே போட்டு எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தார். சீனி அளவுக்கு மேல். குடித்தேன்.

22, புதன்

பகல் முழுக்க என் சொல்லைத் தேடினேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொடியடியில் நின்றேன். ஒன்றும் வரவில்லை. என் சொல்லில் எனக்குத் தெரிந்தவை:
1. இரண்டு உண்டு.
2. முதுகுப் பக்கம்.
3. ஆட்டினுடையது மிளகு போட்டுப் பிரட்டினால் நல்லம்.

உண்மையை இங்கேயாவது எழுதலாம். என் ஆங்கிலம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். அதைச் சோதனைத் தாளில் வைக்க எனக்கு வெட்கம், பயம். புத்தகத்து ஆங்கிலத்தில் ஒருவரும் பிழை பிடிக்க மாட்டார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் அதைச் சொன்னேன். மார்கிரட் அதையும் பிடுங்கிவிட்டார்.

மகள் சுகிக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாக் கடிதம், கையெழுத்து வைக்க வேண்டும்.

24, வெள்ளி

இவர் கதிரையை இழுத்துப் போட்டு நோயாளியாக இருந்தார். “இப்ப நான் வருத்தக்காரன். சொல்லும்.” வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் வேறு. சிறுநீரகம் அங்கே இல்லை என்றேன். கையை முதுகுக்கு மாற்றிக்கொண்டு முனகினார்.

தமிழில் தொடங்கினேன். தமிழிலும் புத்தகம்தான் வந்தது. இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இஞ்சை பாரும், நான் ஃபோக்லிஃப்ட் ஓடுறவன். ஊத்தையை வெளியாலை விடுது எண்டுறீர். ரத்தத்திலை எது ஊத்தை, எது நல்லது எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

நல்ல கேள்வி. முப்பத்தொரு பக்கமும் பாடம், பதில் தெரியவில்லை. எழும்பிப் போய்ப் புத்தகத்தை எடுத்து, பாடமாக்காமல், முதல் தரமாக வாசித்தேன். அதற்குத் தெரியாதாம். பெரிய சத்துகளையும் இரத்த அணுக்களையும் சல்லடையில் மறித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுகிறது. பிறகு தேவையானதை ஒவ்வொன்றாகத் திருப்பி உள்ளே எடுக்கிறது. மிஞ்சியதுதான் போகிறது.

“நீங்கள் ஆணி சுத்தியல் வைக்கிற பெட்டியிலை ஒரு ஆணி தேடுற மாதிரி” என்றேன். “முழுக்கப் பேப்பரிலை கொட்டிப்போட்டு, வேணுமெண்டதைத் திருப்பி வைப்பியள். மிச்சம் குப்பை.”

“மிச்சத்தை நான் எறியிறேல்லையே.”

“ஓம், அது நான் எறியிறனான். நான்தான் உங்கடை சிறுநீரகம்.”

வருத்தக்காரன் முனகுவதை விட்டுவிட்டார். கலியாணம் முடித்துப் பதினான்கு வருடம், என்னை அப்படி ஒரு பார்வை பார்த்து எவ்வளவு நாள். எனக்கும் வெட்கமாகிவிட்டது, கோப்பைகளைக் கழுவப் போனேன்.

26, ஞாயிறு

குளிர் திரும்பி வந்துவிட்டது. ஹீற்றர் போட்டேன்.

இன்று ஆங்கிலத்தில். சோதிப்பவர் சுகி, வயது பத்து, கையில் கரண்டி, முன்னால் கண்ணாடிக் கிளாஸ். புத்தக வசனம் வந்தால் ஒரு தட்டு. அம்மாவுக்குத் தட்ட ஒரு சந்தர்ப்பம், விடுவாளா.

டிங். “அம்மா, யூ ஆர் டூயிங் த புக் வொய்ஸ்.”

முதல் தரம் பத்தொன்பது டிங். நாலாம் தரம் ஏழு. என் ஆங்கிலம் பிழையாய் இருக்கா என்று கேட்டேன். “யா, பட் ஐ கெற் இற்” என்றாள். பிழைதான், ஆனால் விளங்குதாம். அதற்குப் பிறகு கொஞ்சம் தைரியம்.

29, புதன்

இல்லத்தில் விரிப்பு 64. இடுப்பு முறிந்தது.

இவருடன் வேலை செய்பவர் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார், ஷிஃப்ற் மாற. நான் குசினியில். இவர் ஷிஃப்ற் கதையை முடித்துவிட்டு அந்த மனிசனுக்கு ஆங்கிலத்தில் சிறுநீரகம் விளங்கப்படுத்துகிறார்! முதலில் எல்லாத்தையும் வெளியே எடுக்கும், பிறகு நல்லதை உள்ளே வைக்கும், மை வைஃப் சொன்னா. பத்து நிமிடம். எனக்குச் சொல்லத் தெரிந்ததை விட நன்றாகச் சொன்னார். நாளை அவரை அனுப்பலாம் போல.

பயம்தான்.

30, வியாழன்

போய்விட்டு வந்துவிட்டேன். மறக்க முதல் எழுதுகிறேன்.

மார்கிரட் கதவைச் சாத்தி, ஷூவைக் கழற்றிக் காலை முன்னால் நீட்டினார். கால் வீங்கியிருக்கிறது, டொக்டர் சிறுநீரகம் என்று ஏதோ சொன்னார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஏன் கால் வீங்குகிறது?

கால் வீக்கம் அத்தியாயத்தில் இல்லை. 24இன் முதல் வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். பிறகு, என் மனுசனிடம் ஒரு பெட்டி இருக்கிறது என்று தொடங்கினேன். எல்லாவற்றையும் கொட்டுவது, திருப்பி வைப்பது, அந்த மறிக்கும் சல்லடை. சொல்லச் சொல்ல அடுத்தது தானாகத் தெரிந்தது. சல்லடை கிழிந்தால் போகக் கூடாததும் போய்விடும். இரத்தத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கிற சத்தும் போய்விடும். பிடிக்க ஆளில்லாத தண்ணீர் இரத்தத்தை விட்டுக் கசியும். பகல் முழுக்க நிற்கிற கால் அல்லவா, அங்கே இறங்கும். இதை நான் எங்கேயும் வாசிக்கவில்லை. ஒரு வசனத்தில் மூன்று பிழை விட்டிருப்பேன். நிற்கவில்லை, சொல்லிக்கொண்டே போனேன்.

மார்கிரட் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியாக, தலை நிமிராமல், இது சுகமாகுமா என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு, நானே திரும்பி வந்து உங்களுக்குச் சொல்வேன். அதுவரைக்கும் காலை உயர்த்தி வையுங்கள். பக்கத்துக் கதிரையை இழுத்து அவர் காலுக்குக் கீழே வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, சும்மா கை போய்விட்டது.

பேனையைக் கீழே வைத்தார். மார்க்கைப் புதன்கிழமை நோட்டீஸ் பலகையில் போடுவாராம்.

தெரியாது என்று சொன்னது பிழையோ. அதற்கு எத்தனை வெட்டுவார்? இவர் இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் எரிந்து விழுந்தேன். போய்ச் சுகிக்குத் தலை இழுத்துவிட்டார், கோணல் பின்னல்.

3 நவம்பர், திங்கள்

நாளை இங்கே குதிரைப் பந்தயத்துக்கென்று ஒரு பொது விடுமுறை, ஊரே அரைத் தூக்கத்தில். நான் மட்டும் 80, 79, 80, 79 என்று வெங்காயம் வெட்டினேன்.

5, புதன்

84.

பலகையில் மூன்று தரம் பார்த்தேன். விரலை வைத்து வரியோடு இழுத்துப் பார்த்தேன். என்னுடையதுதான். அழுதேன், வெளிப்படையாக, நோட்டீஸ் பலகைக்கு முன்னால். பேனை சப்பிய பெட்டை கண் துடைக்க ஒரு ரிஷ்யூ தந்தாள்.

கல்லூரி வாசல் ஃபோன் பெட்டியிலிருந்து இவர் வேலை செய்கிற ஃபக்ரரிக்கு எடுத்தேன். கூப்பிட்டு வர ஐந்து நிமிடம். மூச்சு வாங்க ஓடி வந்திருக்கிறார்.

“எவ்வளவு?”

“எண்பத்திநாலு.”

“மிச்சப் பதினாறும் எங்கையப்பா?” என்றார். பகிடிதான், ஆனால் சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. பின்னால் இயந்திரச் சத்தம்.

“ஃபோனை வையாதையும், வாறன்” என்றார். ஃபோனை மேசையில் போட்ட சத்தம். தூரத்தில் அவருடைய குரல், ஃபக்ரரி முழுக்கக் கேட்க, மை வைஃப், மை வைஃப் இஸ் அ நேர்ஸ் என்று. யாரோ ஹோர்ன் அடித்தார்கள், பிறகு எல்லா ஃபோக்லிஃப்டும் சேர்ந்து அடித்தன.

இன்னும் இல்லையப்பா, இன்னும் மூன்று வருடம் படிக்க வேணும் என்று நான் ஃபோனுக்குள் கத்துகிறேன். அவருக்குக் கேட்கவில்லை.