தரவைக்கு முள்ளுக்கம்பி

12.11.2022
மரநடுகை ஒருபடியாக முடிந்தது. கனடாவிலிருந்து என் தம்பி பிரதாபன் தன் சங்கத்து ஆட்களோடு வந்து, ஊர்மாடு மேயும் மடத்துவெளித் தரவை முழுக்கக் கன்று நட்டான். வேம்பு, மருது, புங்கை. "சும்மா வெறுமையாக் கிடக்கிற காணிதானே அக்கா" என்றான். வெறுமையாம்! என் நாலு மாடும் அந்தப் புல்லில்தான் வயிறு நிரப்புகின்றன. நான் சீவிப்பது அந்த நாலு மாட்டில். எனக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். சீ.

15.11.2022
கன்றை மாடு கடித்துவிடுமாம். தரவையைச் சுற்றி முள்ளுக்கம்பி அடிக்கிறார்கள்.

03.04.2023
மழை விட்ட பிறகு ஒருத்தரும் தண்ணீர் ஊற்றவில்லை. கன்றெல்லாம் ஈர்க்காகக் காய்ந்து நிற்கின்றன. கம்பி மட்டும் உறுதியாக நிற்கிறது.

19.08.2023
கம்பிக்குள் இடுப்பளவுக்கு உடைமுள். மாடு கடித்தும் மிதித்தும் தலையெடுக்க விடாமல் வைத்திருந்த சனியன். மாட்டை உள்ளே விடாவிட்டால் பிறகென்ன? புல் இருந்த இடமே தெரியவில்லை. பிரதாபனுக்குப் போன் அடித்து, கம்பியைக் கழற்றுங்கோ, உள்ளே முள்மரம் வளருகிறது என்றேன்.
"மரம் வளருது எண்டுதானே சொல்லுறியள்? பிறகேன் கழட்டவேணும்?"
விசரன்! இந்தத் தரவையில கோவணத்தோட ஓடித் திரிஞ்சவன். உடைக்கும் வேம்புக்கும் வித்தியாசம் தெரியேல்லையாம்.

20.08.2023
அருவருப்பாக இருக்கிறது.

10.02.2024
உள்ளே மிஞ்சின புல்லுக்காகச் செவலை மாடு கம்பிக்குள் தலையை விட்டிருக்கிறது. கழுத்துக் கிழிந்து இலையான் மொய்க்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிவிட்டுக் கம்பியை வெட்டக் குறட்டோடு போனேன். இங்கே சங்கத்துக்குச் செயலாளர் செல்வரத்தினம் அண்ணை. ஓடிவந்து மறித்தார். பொதுச்சொத்தாம், வெட்டினால் பொலிசாம். வேலிக்கு ஓணான் சாட்சி. தரவை உண்மையில் எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்த காலத்தில் கம்பியா இருந்தது?

06.06.2024
வைக்கோல் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது. நாலு மாட்டையும் வேலணையில் ஒருவருக்கு விற்றுவிட்டேன். செவலை லொறியில் ஏறமாட்டேன் என்று நின்றது. மேலே எழுத ஏலாது.
பிரதாபனுக்குச் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

16.11.2024
மரநடுகையின் இரண்டாம் ஆண்டு விழா. பிரதாபன் வந்திறங்கினான். கமராவைப் பறக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் உடைக்காடும் பச்சைப்பசேல்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.
பிறகு எல்லாரும் என் வீட்டுக்கு. மாட்டுக்கொட்டிலை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கடையில் வாங்கின பால்மாவைக் கரைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். பிரதாபன் ஒரு மிடறு குடித்துவிட்டு, கூட வந்தவர்களைப் பார்த்துச் சொன்னான்.
"அக்கான்ர மாட்டுப்பால். தரவைப் புல்லுத் திண்ட மாடு. இந்த ருசி கனடாவில எங்க?"
இன்னும் கொஞ்சம் விடட்டோ என்று கேட்டேன். ஓம் என்று கோப்பையை நீட்டினான்.